பரமக்குடி தாண்டி

எங்கள் வீட்டில் பரமக்குடி என்றால் ஊர் இல்லை. யாராவது எதையோ மனசுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தபடி நடமாடினால், "என்ன, பரமக்குடியா?" என்று கேட்போம். மகள் பிறந்தநாளுக்குப் புடவை எடுத்து ஒளித்து வைத்தால் அது பரமக்குடி. மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் வந்து நின்றால் அதுவும் பரமக்குடி. அந்த ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் எங்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நாங்கள் அங்கே இறங்கவே இல்லை, அவ்வளவுதான் விஷயம்.

2019 மே மாதம். பேத்திக்கு அப்போது ஏழு வயது. சென்னையிலிருந்து லீவுக்குத் திருச்சி வந்திருந்தாள். மெரினாவில் கால் நனைத்து வளர்ந்த பிள்ளைக்குக் கடல் ஒன்றும் புதுசு இல்லை. ஆனால் கடலுக்கு நடுவில் ரயிலில் உட்கார்ந்து போவது புதுசுதானே? பாம்பன் பழைய பாலம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. 1914-ல் திறந்த பாலம், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ரயில் அதன் மேல் ஊர்ந்துதான் போகும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தண்டவாளம் இருப்பதே தெரியாது, தண்ணீர்தான் தெரியும். சொல்லாமல் கூட்டிப்போய் அந்த இடத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. "பரமக்குடியில தாத்தாவோட சித்தப்பா வீட்டுக்குப் போறோம்" என்று ஒரு பொய்யைச் சொல்லி, காலை ரயிலில் ஏறிவிட்டோம்.

நான் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் டீச்சராக இருந்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய பேத்தி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மஞ்சள் பலகையைப் பார்த்து வாசித்துக்கொண்டு வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதுக்கோட்டை. காரைக்குடி. சிவகங்கை. மானாமதுரையில் 'னா'வையும் 'ம'வையும் தடுமாறாமல் பிரித்துச் சொன்னாள். அந்தப் படிப்பே என் திட்டத்துக்கு உலை வைக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பரமக்குடியில் ரயில் நின்றது. அவள் பலகையைப் படித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள், தன் சின்னப் பையைத் தோளில் போட்டுக்கொண்டாள், எழுந்து நின்றாள். நாங்கள் அசையவில்லை. "அம்மாச்சி, பரமக்குடி." நான் சிரித்தேன். "அம்மாச்சி, இறங்குங்க." இவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரயில் நகர்ந்தது. பலகை பின்னால் போவதைக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து அழ ஆரம்பித்தாள். சத்தம் போட்டு அழவில்லை. வாயை மூடிக்கொண்டு, தோள் மட்டும் குலுங்கும் அழுகை. பெரியவர்கள் இரண்டு பேருக்கும் ஏதோ ஆகிவிட்டது, ஊர் தெரியவில்லை, இனி தன்னைத் தவிர யாருக்கும் வழி தெரியாது என்று அவள் முடிவு கட்டியிருக்க வேண்டும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் கடல் வந்துவிடும், கடலைப் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். ராமநாதபுரத்தில் இவருக்குத் தாங்கவில்லை. "கடல் பார்க்கப் போறோம் கண்ணு, ராமேஸ்வரம் போறோம்" என்று உடைத்துவிட்டார். அவள் நம்பவில்லை. ஒரு பொய் சொன்னவர்கள் இரண்டாவதாகச் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? பாம்பன் வந்தது, இரண்டு பக்கமும் தண்ணீர் பளபளத்தது, பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு ஓடினார்கள். இவள் மட்டும் என் மடியில் முகம் புதைத்தபடி, கண் வீங்கி, பாலம் முடிகிற சமயத்தில்தான் தலையைத் தூக்கினாள்.

அந்தப் பயணத்தில் அவளுக்கு இன்று நினைவிருப்பது பலகை நகர்ந்துபோனது மட்டும்தான். கடல் நினைவில்லை. அந்தப் பாலமும் இப்போது இல்லாத மாதிரிதான். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள், 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று. நான் காட்ட நினைத்ததை இனி யாருக்கும் காட்ட முடியாது.

வகுப்பில் எத்தனையோ தடவை மெய்ப்பாட்டியல் நடத்தியிருக்கிறேன். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தும்போது மருட்கையை, அதாவது வியப்பை, அச்சத்துக்குப் பக்கத்து வீட்டில் குடிவைக்கிறார். செய்யுள் ஓசைக்காக அப்படி வந்து விழுந்ததாகவும் இருக்கலாம். பரமக்குடிக்குப் பிறகு என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. வியப்பு எதிலிருந்தெல்லாம் பிறக்கும் என்று நான்கைச் சொல்வார்: புதுமை, பெருமை, சிறுமை, ஒன்று இன்னொன்றாக மாறுகிற ஆக்கம். அச்சத்துக்கும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்தக் கடைசியைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது அரசன் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போய்விடுவேன். தன்னைக் காக்க வேண்டியவரே அச்சத்துக்குக் காரணமாவது எப்படி என்று ஒரு மாணவியும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு ரயிலில் இறை யார்? அம்மாச்சிதான்.

திடீரென்று ஒன்றைக் கொடுத்து அசத்துவதில் கொடுப்பவருக்குக் கிடைக்கிற லாபம் என்ன என்று அதற்குப் பிறகு நிறைய யோசித்தேன். எங்கள் வயதில் அதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லா விஷயமும் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். ஸ்கேனில் என்ன வந்தது என்று டாக்டர் மகளிடம் சொல்வார். ஃபிரிட்ஜ் என்ன விலை என்று கேட்டால் பாதி விலை சொல்வார்கள். "அம்மாகிட்ட இப்ப சொல்ல வேண்டாம்" என்கிற பேச்சு அடுத்த அறையிலிருந்து காதில் விழும். இப்படி எல்லோரும் எல்லாவற்றையும் மறைக்கிற இடத்தில், நமக்கு மட்டும் தெரிந்த ஒன்று நம் கையில் இருந்தால் அது ஒரு தெம்பு. முதுகு கொஞ்சம் நிமிரும். பேரப்பிள்ளைக்குப் பரிசு என்று சொல்லிக்கொண்டாலும், ஒளித்து வைத்த நாட்களின் ருசி முழுக்க நமக்குத்தான்.

வாங்குகிற பக்கமும் எனக்குத் தெரியும். 2023-ல் இவருக்கு எழுபது நிறைந்தது. பெங்களூரிலிருந்து மகன் வந்தான், கையில் கவர், கவருக்குள் காசிக்கு விமான டிக்கெட். மறுநாள் விடிகாலை கிளம்ப வேண்டும். நல்ல மனசுதான், குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நான் அன்று காலையில்தான் வடகத்துக்கு மூன்று படி அரிசி ஊறப் போட்டு அரைத்து, மறுநாள் கிளறிப் பிழிவதாக இருந்தேன். மாடியில் வேட்டி விரிக்கக் கல்லெல்லாம் எடுத்து வைத்தாயிற்று. "அம்மா, வடகம் கடையில கிடைக்கும்மா" என்றான். கிடைக்கும். தசாசுவமேத கட்டத்தில் ஆரத்தி நடக்கிறது, ஏழு பேர் பெரிய பெரிய அடுக்கு விளக்கை ஒரே மாதிரி சுழற்றுகிறார்கள், கூட்டம் கண்ணீர் விடுகிறது, எனக்கு மாவு புளித்திருக்குமே என்று ஓடுகிறது. அதைவிட, இருபது வருஷமாகக் காசிக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, போகிற நாள் எப்போது என்று நானே குறிக்கிற சந்தோஷம் ஒன்று எனக்காகக் காத்திருந்தது. அந்தக் கவர் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. இதை அவனிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான்.

இன்னொன்றும் அன்று பழகவில்லை. கவரைப் பிரிக்கும்போது மருமகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் என்று புரிவதற்கு முன்பே நான் சிரித்துவிட்டேன், போன் பார்த்துக்கொண்டிருக்கிறதே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது எப்போதும் நடக்கிறது. பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி, கடைசியில் ஒரு சீட்டு, எதிரே நான்கு போன். பிள்ளை குதிக்க வேண்டும், அலற வேண்டும், தாத்தா பாட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டும். கொஞ்சம் யோசிக்கிற சுபாவமுள்ள பிள்ளையாக இருந்து, சீட்டைப் பார்த்துவிட்டு அமைதியாக நின்றால், "என்ன, பிடிக்கலையா?" என்று ஆறு பேர் கேட்பார்கள். பரிசு கொடுத்த கையோடு சந்தோஷத்தை வட்டியும் முதலுமாக அப்போதே வசூலிக்கிற வேலை இது.

ஆகவே 2025 கோடை லீவுக்குப் பேரன் பேத்தி இரண்டு பேரையும் ஊட்டி ரயிலில் கூட்டிப்போகலாம் என்று இவர் ஆரம்பித்தபோது, பரமக்குடியும் காசியும் எனக்குக் கூடவே வந்து உட்கார்ந்தன.

ஊட்டி ரயில் ஏன் என்று எங்களைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். பொன்மலைக்காரர்கள் நாங்கள். 1928-லிருந்து இங்கே ஓடுகிற ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இவர் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மலை ரயில் எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய இங்கேதான் கொண்டுவருவார்கள். ஸ்விட்சர்லாந்தில் வின்டர்தூரில் செய்து கொண்டுவந்த எக்ஸ் கிளாஸ் எஞ்சின்கள் அவை. பிற்பாடு அதே அச்சில் புது எஞ்சினையே பொன்மலையில் செய்துவிட்டார்கள். இவரைப் பேசவிட்டால் இரவு முழுக்கச் சொல்வார். நான்கு சிலிண்டர், இரண்டு சாதாரண சக்கரத்தைச் சுற்றும், இரண்டு கீழே இருக்கிற பல் சக்கரத்தைச் சுற்றும். கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை போட்டிருக்கும், அதைக் கவ்விக் கவ்விப் பல் சக்கரம் ஏறும். பன்னிரண்டு அடி போனால் ஏறக்குறைய ஓர் அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். நாற்பது வருஷத்தில் இதை நூறு தடவை கேட்டிருக்கிறேன். ரயிலில் ஏறினதில்லை.

மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைங்களுக்காகவா, உங்களுக்காகவாம்மா?" என்னிடம் பதில் இல்லை. நமக்குப் பிடிக்காத ஒன்றை யாருக்கும் மனசாரக் கொடுக்க முடியாது என்று சமாளித்தேன். அவளிடம் மறைக்கிற பேச்சே இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஆச்சரியமாகக் கொடுக்கிற எதையும் பெற்றவர்களுக்கு முதலில் சொல்லிவிட வேண்டும். பரீட்சை, பாட்டு கிளாஸ், அந்த வாரம் சளியா இருமலா, இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை, காரிலேயே போய்விடலாமே என்றார். 2024 மே முதல் நீலகிரிக்கு வண்டியில் போக இ-பாஸ் வாங்க வேண்டியிருப்பதை இவர் ஒரு பெரிய துருப்புச்சீட்டு போல எடுத்துப் போட்டு அந்தப் பேச்சை முடித்தார். ஊர் திரும்ப பஸ் இருக்கிறது என்றார். ரயில் என்று முடிவாகிவிட்டது.

டிக்கெட்டுக்கு அறுபது நாள். முன்பு நூற்று இருபது நாளைக்கு முன்னால் ரிசர்வ் செய்யலாம். 2024 நவம்பரிலிருந்து அறுபதாக்கிவிட்டார்கள். மே மாத மலை ரயிலுக்குக் கவுண்ட்டர் திறந்த கணத்தில் தீர்ந்துவிடும். மாப்பிள்ளை சென்னையில் போனோடு உட்கார, இவர் போனை நம்பாமல் ஜங்ஷனில் விடிகாலையிலேயே வரிசையில் நின்றார். முதல் நாள் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. வெயிட்டிங் லிஸ்ட் சீட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்று இவர் அதை வாங்காமலே திரும்பினார். மறுநாளும் போனார். புதன்கிழமை ரயிலில் நான்கு செகண்ட் கிளாஸ் சீட். அன்று அவர் வீட்டுக்குள் வந்த நடையை வைத்தே விஷயம் தெரிந்துவிட்டது.

சரி, சீட்டு கையில். எப்போது சொல்வது? மேட்டுப்பாளையத்தில் ரயில் முன்னால் நிறுத்திச் சொல்வோம் என்றார் இவர். நான் முடியாது என்றேன். அறுபது நாள் இருக்கிறதே! அந்த அறுபது நாளையும் நாமே வைத்துக்கொள்வது நியாயமா? எங்களுக்குக் காத்திருப்பது என்றால் இப்போது ஆஸ்பத்திரி டோக்கனும் ரத்தப் பரிசோதனை முடிவும்தான். எட்டு வயதில் அப்படியா? தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி தீபாவளியைவிடப் பெரியது. ஒரு பயணத்தில் மூன்று நாள் இருக்கிறதென்றால் அதற்கு முன்னால் இருக்கிற இரண்டு மாதமும் அதே பயணத்தைச் சேர்ந்ததுதான். அதைக் கொடுக்காமல் மூன்று நாளை மட்டும் கொடுத்தால் சாப்பாட்டில் பாதியை எடுத்துக்கொண்ட மாதிரி. முழுக்கச் சொல்லவும் வேண்டாம், முழுக்க மறைக்கவும் வேண்டாம். ஏதோ நல்லது வருகிறது என்பது மட்டும் முதல் நாளே தெரிந்துவிட வேண்டும். என்ன என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

போஸ்ட் கார்டு என்று எனக்குத் தோன்றியது. தங்கள் பெயர் எழுதிய ஒரு கடிதம் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அதுவரை வந்ததே இல்லை. ஐம்பது பைசாவுக்கு இன்றும் என்ன கிடைக்கிறது என்று கேட்டால் இதைச் சொல்லலாம். தபால் ஆபீஸில் பத்து கார்டு கேட்டேன். அங்கே இருந்த பெண் சிரித்துக்கொண்டே எண்ணிக் கொடுத்தது.

முதல் கார்டு ஏப்ரல் முதல் வாரம் போனது. பெயர் போட்டு, நடுவில் பெரிதாக 208 என்று எழுதி, கீழே "மே மாசம் உங்களுக்கு ஒண்ணு இருக்கு. நல்லதுதான். பயப்பட ஒன்றும் இல்லை. இப்படிக்கு அம்மாச்சி, தாத்தா" என்று முடித்தேன். 'பயப்பட ஒன்றும் இல்லை' யாருக்காக என்று படிக்கிறவளுக்குத் தெரியும். அடுத்து 16. அதற்கடுத்து 250. வாரத்துக்கு ஒன்று என்று கணக்கு. நான் நாளை மறந்து இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே நாளில் போட்டுவிட்டேன்.

போஸ்ட் கார்டில் ஒரு தமாஷ், ஊரே படிக்கும். அந்த அடுக்குமாடியின் வாட்ச்மேன் கார்டைக் கொடுக்கும்போதே, "இருநூத்தி எட்டு என்னன்னு தெரிஞ்சுதா தம்பி?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாராம். மேல் வீட்டு மாமி பதினாறு பேறு என்றாளாம். 208 எலும்பு என்று பேரன் சொல்ல, அது 206 என்று அக்கா திருத்த, மீதி இரண்டு யாருடையது என்று சண்டை. தினம் ராத்திரி போன் வரும். "குளூ குடுங்க அம்மாச்சி." கொடுக்க மாட்டேன். எனக்கு அந்த ஏப்ரல் மாதம் வெயில் தெரியவே இல்லை.

நடுவில் ஸ்வெட்டர் வாங்கப் போன கதை ஒன்று உண்டு. ஏப்ரல் மாதத் திருச்சி வெயிலில் பெரிய கடை வீதியில் ஏறி எட்டு வயதுப் பையனுக்கு ஸ்வெட்டர் கேட்டால் கடைக்காரர் முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பார். பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். அந்துருண்டை வாசனையோடு அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் மறைத்து வைத்தேன்.

மூன்றாவது கார்டு போய்ச் சேர்ந்த மறுநாள் பேத்தி தனியாகப் போன் செய்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள். பதின்மூன்று வயதாகிவிட்டது இல்லையா, மூன்று எண்ணையும் போனில் தட்டியிருக்கிறாள், ஒரு நொடியில் வந்துவிட்டது. 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். மேட்டுப்பாளையம் ஊட்டி ரயில்.

"தெரிஞ்சுபோச்சா?" என்றேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"தெரிஞ்சுபோச்சு. அவன்கிட்ட சொல்லல. சொல்ல மாட்டேன்." பிறகு ஒரு நிமிஷம் பேச்சில்லை. "ஆனா அம்மாச்சி, அவன் அழுதான்னா உடனே சொல்லிடுவேன். உங்களக் கேக்க மாட்டேன்."

சரிடா தங்கம் என்று போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றுகொண்டிருந்தேன். ஆறு வருஷத்தில் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவள் என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிண்டல்தான் செய்வாள். எல்லோரும் பரமக்குடி பரமக்குடி என்று சிரித்துக்கொண்டிருந்தோமே, அவள் மட்டும் சிரித்துக்கொண்டே அதை இப்படிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

அவன் அழவில்லை. நடந்தது வேறு. நான்காவது கார்டில், "46 கிலோமீட்டர், 5 மணி நேரம்" என்று எழுதியிருந்தேன். இவ்வளவு மெதுவாகப் போகிறது என்றால் மலை ரயில்தான் என்று பிடித்துவிடுவான் என்று நினைத்தேன். மூன்றாம் வகுப்பு முடித்த பிள்ளை, வகுத்தல் புதிதாகப் படித்த வேகம், கணக்குப் போட்டுவிட்டான். மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். பஸ் இல்லை, கார் இல்லை, ரயில் நிச்சயமாக இல்லை. உலகத்தில் அந்த வேகத்தில் போகிற வண்டி ஒன்றே ஒன்றுதான்.

பேத்தி மறுபடி போன் செய்தாள். "அம்மாச்சி, பிரச்சனை. மாட்டு வண்டியில போறோம்னு நினைச்சுட்டு இருக்கான். கிளாஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டான். 208 தென்னமரம், 16 கிணறு, 250 வீடு, நடுவுல மாட்டு வண்டி. ரெண்டு மாட்டுக்கும் பேரு வச்சுட்டான்."

"என்ன பேரு?"

"பூஸ்ட், ஹார்லிக்ஸ்."

இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வின்டர்தூர் எஞ்சின், நான்கு சிலிண்டர், உலகப் பாரம்பரியச் சின்னம் என்று 2005-ல் யுனெஸ்கோ கொடுத்த பட்டம், எல்லாம் இரண்டு மாடுகளிடம் தோற்றுப்போனதை அவர் முகத்தில் பார்க்க வேண்டும். நானும் யோசித்தேன். நாங்கள் கொடுக்கப்போவதைவிட அவன் நினைத்துக்கொண்டிருப்பது பெரிதாகிவிட்டது. சந்தோஷமாகத்தான் இருக்கிறான், அழவில்லை. ஆனால் மேட்டுப்பாளையம் வரை இப்படியே விட்டால் அங்கே பலகை நகரும்.

பேத்தியையே கேட்டோம். "இப்பவே சொல்லிடுங்க. நீளமா எழுதுங்க, நம்பர் போடாதீங்க" என்றாள்.

ஐந்தாவது கார்டு இவர் எழுதினார். எழுத்து குறைவு, படம்தான். பாய்லர், புகைக்குழாய், பக்கவாட்டில் சிலிண்டர், கீழே பல் சக்கரம், அது கவ்வுகிற பட்டை. ஒர்க்‌ஷாப்பில் வரைவது போல அம்புக்குறி போட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர். ஓரத்தில் பொடி எழுத்தில், "இந்த ரயிலில் நாம் நாலு பேரும் ஊட்டிக்குப் போகிறோம். உன் தாத்தா இதற்குப் பல் கட்டியவன்." அவர் தன்னைப் பற்றி இவ்வளவு பெருமையாக எழுதி நான் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி பேரன் போன் செய்தான். கார்டு கையில் இருக்கிறது என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டான்: "அப்ப மாடு?"

எங்கள் இருவருக்கும் வாய் அடைத்துவிட்டது. பொன்மலையில் இப்போது மாட்டு வண்டிக்கு எங்கே போவது? பார்க்கலாம் என்றேன். பார்க்கலாம் என்றால் இல்லை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மே மாதம் அந்தப் புதன்கிழமை காலை ஏழு பத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பினோம். ஸ்வெட்டரை இரண்டு பேரும் மேட்டுப்பாளையம் புழுக்கத்திலேயே மாட்டிக்கொண்டு, கழற்ற மாட்டோம் என்று வேர்த்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாக்குத் தோப்பெல்லாம் தாண்டிக் கல்லாரில் பல் சக்கரம் பட்டையைக் கவ்விய இடத்தில் பெட்டி லேசாக ஒரு குலுக்குக் குலுக்கியது. இவர் கண்ணை மூடிக்கொண்டார், காதால் பார்க்கிறவர் போல. பேத்தி ஜன்னலில் தலை வைத்து வளைவுகளை எண்ணத் தொடங்கி நாற்பதோடு விட்டுவிட்டாள். பேரன் அதிகம் பேசவில்லை. முதல் சுரங்கத்தில் பெட்டி முழுக்க எல்லோரும் கத்தினார்கள், அவனும் கத்தினான், அவ்வளவுதான். பிடிக்கலையா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஹில்குரோவில் ரயில் நின்றது. டீக்கு ஒரு கூட்டம், குரங்குக்குப் பயந்து பிஸ்கட்டைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு ஒரு கூட்டம். இவர் பேரனைக் கூட்டிக்கொண்டு பின்னால் எஞ்சினைக் காட்டப் போனார். நானும் மெல்லப் போனேன். மேலே குழாயைத் திருப்பி எஞ்சினுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். அது கடகடவென்று குடித்தது. வயிறு உறுமியது, பக்கவாட்டில் மூச்சு விட்டது, காலடியில் ஈரம் சொட்டியது. பேரன் இடுப்பில் கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தான்.

"தாத்தா, இது பூஸ்ட்டா ஹார்லிக்ஸா?"

குன்னூரில் இந்த நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஊட்டி வரைக்கும் டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். இவர் கொஞ்சம் கூடச் சிரிக்காமல், ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியிடம் பதில் சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"இது பூஸ்ட்டு. ஹார்லிக்ஸ் குன்னூர்ல நிக்குது."